எங்கள் நிறத்தில் ஒரு தொப்பி

அமெரிக்காவின் மெய்ன் கரையில் எங்கள் துறைமுகத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம் உண்டு. கடலுக்கடியில் கிடக்கும் சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளுக்கு அடையாளமாக மேலே மிதக்கும் மிதவைகளில் அதைப் பூசுவோம். எங்கள் பிங்கம் குடும்பத்துக்கு மஞ்சள், நடுவில் பச்சைப் பட்டை. அடுத்தவன் நிறத்தை எவனும் தொடமாட்டான். தொட்டவன் திருடன், அவன் பேரனுக்குக்கூட இங்கே பெண் கிடைக்காது.

என் மகள் லோர்னாவை பிரஸ்டன் என்ற பையன் மணக்க விரும்பினான். அவன் தாயார் திருமதி விட்லாக் பாஸ்டனிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார். மீன்பிடிக்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டுமா என்று அவருக்குத் தயக்கம். படகுத்துறை உணவகத்தின் வெளித்தளத்தில் மேசை பிடித்திருந்தேன். அங்கேதான் நாய்க்கும் இடம் தருவார்கள். எங்கள் நாய் போசனை விட்டுவிட்டு நான் சாப்பிடப் போவதில்லை. படகில் அவனும் ஓர் ஆள். எங்கள் மிதவையைக் கண்டால் குதித்துப்போய்க் கவ்விக்கொண்டு வருவான்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மானத்த வாங்கிடாதீங்க," என்றாள் லோர்னா.

"பிங்கம் வீட்டு மானம் என்னிக்குடி போயிருக்கு?"

திருமதி விட்லாக் பிரஸ்டனோடு வந்தார். தலையில் அகலமான மஞ்சள் தொப்பி. சுற்றிலும் பச்சை நாடா.

நான் போசனின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டேன். போசன் வாலாட்டுவதை நிறுத்திவிட்டுத் தொப்பியையே பார்த்தான்.

சிங்கி இறால் வந்தது, உருக்கிய வெண்ணெய் வந்தது. அந்த அம்மாள் இறாலின் ஓட்டை உடைக்கக் குனிந்தார். ஒரே காற்று. தொப்பி கடலில் விழுந்து, அசல் எங்கள் மிதவை போலவே ஆடி நின்றது.

அதை உரசிக்கொண்டு எங்கள் ஊர் மீனவன் வெர்னன் ஆலியின் படகு வந்தது.

"ஐயா, அந்தத் தொப்பிய எடுத்துக் குடுங்களேன்!" என்று கூவினார் அம்மாள்.

"மன்னிக்கணும்மா. அது பிங்கம் நிறம். தொடமாட்டேன்."

"யோவ், அது என் தொப்பி!"

"தலையில இருந்த வரைக்கும் உங்களுது. தண்ணியில விழுந்தா ஆல்டனுது!" என்று என்னைக் கைகாட்டினான் வெர்னன்.

தளமே சிரித்தது. பரிமாறுகிற பெண்ணும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் எடுத்தா எங்கப்பா வீட்டுக்குள்ள விடமாட்டாருங்க."

நான் போசனின் கழுத்துப்பட்டையை விட்டேனா, அவனே உருவிக்கொண்டானா, தெரியாது. தொபீர்! நீந்திப்போய்க் கவ்வி, படியேறி, அம்மாளைத் திரும்பியும் பாராமல் தாண்டிவந்து என் காலடியில் தொப்பியை வைத்தான். பிறகு உடம்பை உதறினான். வெண்ணெய், இறால், பாஸ்டன் பட்டுச் சட்டை, எல்லாம் கடல்நீர்.

லோர்னா முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்து நிமிர்ந்து நின்றேன்.

"அம்மா, அவன் அவன் வேலையத்தான் செஞ்சான். மன்னிப்பு நான் கேக்கறேன். அவன் கேக்க மாட்டான்."

அவர் மூக்கைத் துடைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ இதப் போட்டுக்கிட்டா, இந்த ஊர்ல எவனும் என்கிட்ட வாலாட்ட மாட்டானா?"

"ஒருத்தனும் மாட்டான்."

"அப்படின்னா, சம்பந்தி, உங்க கையாலேயே வச்சு விடுங்க."

சொட்டச் சொட்ட வைத்தேன். வெர்னன் படகு ஊதலை அலற விட்டான். லோர்னா என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அழுகையா சிரிப்பா, நான் கேட்கவில்லை.

திருமதி விட்லாக் குனிந்து, மேசையடியில் வாயை நக்கிக்கொண்டிருந்த போசனைப் பார்த்தார். "டேய் பிரஸ்டன், வாயப் பொளந்துக்கிட்டு உக்காராத. இன்னொரு தட்டு சொல்லு. என்னுதையும் இவன் தின்னுட்டான்."