கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு முடிவு

அசிமீனா ஜெர்மனியிலிருந்து வந்ததே அப்பா பந்தெலிஸைக் கையோடு கூட்டிப்போகத்தான். மனைவி இறந்த பிறகு அவர் வெறும் ரொட்டியும் ஆலிவுமாகவே காலம் தள்ளுகிறார் என்று யாரோ போனில் வத்தி வைத்துவிட்டார்கள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பெட்டி கட்டியாயிற்று. ஏதென்ஸ் போகும் பஸ் ஒரு நாளைக்கு ஒன்றுதான், மதியத்துக்கு முன்னால்.

"ஒரு முங்கு முங்கிட்டு வந்துடறேன்மா" என்று காலையில் போனவர் திரும்பவில்லை.

எங்கள் ஊரில் யாரும் நீந்துவதற்காகக் கடலுக்குப் போவதில்லை. அக்டோபர் வெயிலில், தலையில் தொப்பியோடு, கழுத்தளவுத் தண்ணீரில் வட்டமாக நின்று பேசுவோம். கல்யாணப் பேச்சுகூட அங்கேதான் முடியும். வட்டத்திலிருந்து ஒருவரைக் கூட்டிப்போக நினைப்பவர் கரையிலேயே நிற்கவேண்டும். வெளிநாட்டில் இத்தனை வருடம் இருந்ததில் அசிமீனாவுக்கு அது மறந்துவிட்டது. தேடி வந்து கரையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மருந்துக்கடை எவாந்தியா அவளைப் பிடித்துக்கொண்டாள். அரிசி அடைத்துச் சுடும் தக்காளியில் உலர்ந்த திராட்சை போடலாமா கூடாதா என்று அப்போது பெரிய வழக்கு. தன் மனைவி போடுவாள் என்று பந்தெலிஸ் சாதித்தார். அம்மா ஒரு நாளும் போட்டதில்லை என்று அசிமீனா எகிறினாள். எகிற எகிற உள்ளே வந்தாள். சட்டை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

மேலே சாலை வளைவில் ஹாரன் கேட்டது. நான் பார்த்தேன். பந்தெலிஸும் பார்த்தார்.

சற்று நேரம் கழித்துத்தான் அவள் திரும்பினாள்.

"அப்பா, பஸ் போயிடுச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மாவா இருந்தீங்க?"

"நீ ரொம்ப நாள் கழிச்சு சத்தமா பேசினே. நடுவுல எப்படிம்மா நிறுத்தறது?"

அவள் என் பக்கம் திரும்பி, ஜெர்மனியில் தன் வீட்டருகே நீச்சல்குளம் இருக்கிறது, வெந்நீர், ஆளுக்கொரு கோட்டில் போய்வருவார்கள், யாரும் யாரோடும் பேசமாட்டார்கள் என்றாள்.

"அங்க இவர் யார்கிட்ட சண்டை போடுவாரு, அத்தை?"

"யாருமே கிடைக்கமாட்டாங்க, பாவம்" என்றேன்.

"சரிப்பா, இங்கேயே இருங்க. ஆனா ஒழுங்கா சாப்பிடணும். நான் கேட்டுட்டே இருப்பேன்."

பந்தெலிஸ் தலையைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தார். அதற்குள் அவருக்கு யார் எந்தக் கிழமை சமைப்பது என்று வட்டத்தில் புதுச் சண்டை மூண்டுவிட்டது. கரையேறும்போது செவ்வாய்க்கிழமை என் தலையில் விழுந்திருந்தது. அந்த மனிதருக்கு மீன் ஆகாதாம். கடலோரத்தில் பிறந்த பிறவி!