வயிற்றில் என்றுதான் சொன்னார்கள்

வாளித் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துவிட்டு அவள் கதவைத் தாழிட்டாள். வெளியே ஆண்கள் முணுமுணுத்தார்கள். செத்தவனைக் குளிப்பாட்ட நாலு ஆள் தயாராக நிற்கும்போது பெண்டாட்டி ஒருத்தி தனியாக என்ன செய்யப் போகிறாள் என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. கேட்டுவிட்டுப் போகட்டும்.

"அண்ணி, தொறங்க. நாங்க பாத்துக்கறோம்," என்றான் கொழுந்தன்.

"வேணாம் தம்பி. நானே பண்ணிக்கறேன்."

எல்லோரிடமும் வயிற்றில் கட்டி என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். அப்படிச் சொல்லச் சொன்னவன் கட்டிலில் கிடந்தான். உண்மையில் வந்தது விதைப்பையின் தோலில். எங்கோ யாரோ ஒருவருக்கு வருகிற புற்றுநோயாம், தேடிப்பிடித்து இவனிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. லாரி ஓட்டுகிறவன். இன்ஜின் சூட்டில் அரிக்கிறது என்று வருஷக்கணக்கில் களிம்பைத் தடவிக்கொண்டு திரிந்தான். அவளிடம் காட்டியபோது புண்ணாகி நீர் வடிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தத் தோலை அகலமாக வெட்டி எடுத்து, தொடையில் உரித்த தோலை அங்கே ஒட்டினார்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இந்த ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும்மா," என்றார் டாக்டர். அதற்குள் நோய் பரவித் தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டிருந்தது.

"ஆம்பளைக்கு இதுக்கு மேல என்னடி கேவலம்? செத்தாலும் ஒருத்தன் கண்ணுல படக்கூடாது," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் சத்தியம் செய்துகொடுத்தாள்.

முகம், மார்பு, கைகள் எல்லாம் துடைத்தாயிற்று. ஆளைப் புரட்டத்தான் முடியவில்லை. உருகி எலும்பாகிப் போன உடம்பு, இப்போது எங்கிருந்து இத்தனை கனம் வந்ததோ! தோள் கொடுத்துத் தள்ளினாள். ஈரத்தில் கால் வழுக்க, அவன் பாதி உடம்பு கட்டிலிலிருந்து சரிந்து அவள்மேல் சாய்ந்தது.

"பாவி மனுஷா, இந்த ஒரு தடவை எனக்கு ஒத்தாசை பண்ணேன்," என்று அவன் காதோரம் கெஞ்சினாள்.

வாளி உருண்டது. வெளியே கதவைத் தட்டினார்கள். இனியும் தனியாகத் தாங்கினால் கீழே போட்டுவிடுவோம் என்று பயந்து, ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டிக் கட்டிலை ஒட்டியிருந்த கதவின் தாழை எடுத்தாள்.

"தம்பி, நீங்க மட்டும் வாங்க."

கொழுந்தனும் லாரி ஓட்டுகிறவன்தான், நின்ற இடத்தில் நாலு பேரைச் சிரிக்க வைக்கிற ஆள். உள்ளே வந்து அண்ணனை அப்படியே அள்ளித் தூக்கிப் படுக்க வைத்தான். இடுப்புத் துண்டு நழுவியது. ஒட்டுப்போட்ட தோலைக் கொழுந்தன் பார்த்துவிட்டான். செத்தவனை இன்னொரு தடவை கொன்றுவிட்டோம் என்று நினைத்தபடி துண்டை இழுத்து மூடினாள்.

இருவருமாகக் கழுவித் துடைத்து, பேன்ட்டை மாட்டிவிட்டார்கள். சட்டையைப் போடும்போதுதான் கொழுந்தன் வாய் திறந்தான்.

"அண்ணி... மொதல்ல எப்படி இருந்துச்சு?"

"செவப்பா ஒரு திட்டு. படைன்னு நெனச்சாரு."

"அரிக்குமா?"

"அரிக்கும்."

"களிம்பு போட்டா கேக்காதா?"

துண்டைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் அண்ணன் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, எத்தனை நாளா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல அண்ணி. வெறும் வண்டிச் சூடு. லாரிக்காரன் எவனுக்குத்தான் இல்ல?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "வீட்டுல அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். இரண்டு பேரையும் சேர்த்து அறையலாம் போல இருந்தது. கதவைத் திறந்தாள். அழுது ஓய்ந்த பெண்களுக்கு நடுவே கொழுந்தன் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ உள்ள வாம்மா."

"நானா அக்கா?"

"ஆமா. வந்து கதவைச் சாத்து."

கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.