மொன்டெரோசோவுக்கு ஒரு மணிக்குள்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, 1992 ஒக்டோபரில்தான் சிவகௌரியும் யோகராஜாவும் முதல் முறையாகப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு பயணம் போனார்கள். பிள்ளைகள் லண்டன் குட்மேய்ஸில் சிவகௌரியின் தமக்கை வீட்டில் நின்றார்கள். இவர்கள் இத்தாலியில், கடலோர மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெர்னாட்சா என்ற பழைய ஊரில் மூன்று நாள் தங்கினார்கள். நான்காம் நாள் காலை ரயில் ஓடவில்லை. வேலைநிறுத்தம்.

அன்று பின்னேரம் ஜெனோவாவிலிருந்து லண்டனுக்கு விமானம். நள்ளிரவோடு விசா முடிகிறது. இருவரிடமும் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அந்த விசாவுக்காகவே லண்டனில் நான்கு தடவை வரிசையில் நின்றிருந்தார்கள். ஒரு நாள் பிந்தினால் யாரிடம் போய் என்ன சொல்வது என்று சிவகௌரிக்குத் தெரியவில்லை. கடல் கொந்தளித்ததால் படகும் இல்லை. விடுதிக்காரி எங்கெங்கோ தொலைபேசியில் பேசிப் பார்த்தாள். அடுத்த ஊரான மொன்டெரோசோவில் தன் தம்பி காரோடு நிற்பான், ஆனால் ஒரு மணிவரைதான், மலைப்பாதையால் நடந்தால் இரண்டு மணி நேரம் என்றாள். அப்போது பத்தே முக்கால்.

தேவாலயத்துக்குப் பின்னால் தொடங்கிய படிகள் முடிவதாகத் தெரியவில்லை. கீழே ஊரின் கூரைகள் தீப்பெட்டிகளாகச் சிறுத்தன. திராட்சைத் தோட்டங்களைத் தாண்டியதும் பாதை இரண்டு முழ அகலத்துக்கு ஒடுங்கியது. வலப்பக்கம் கல்மதில். இடப்பக்கம் ஒன்றுமேயில்லை, நேரே கீழே வெள்ளை நுரையோடு கடல் மோதிக்கொண்டிருந்தது. முதல்நாள் மழையில் கற்கள் வழுக்கின. சிவகௌரி மணிக்கூட்டைப் பார்த்தபடி முன்னால் நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் நின்றதை அவள் சற்றுப் பிந்தித்தான் கவனித்தாள்.

யோகராஜா மதிலோடு முதுகை ஒட்டிக்கொண்டு குந்தியிருந்தார். முகம் வியர்வையில் நனைந்திருந்தது. நெஞ்சு நோகிறதோ என்று அவள் பதறி ஓடி வந்தாள். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"என்னாலை ஏலாது கௌரி. நீர் போம்."

அவள் நேரம் போவதைச் சொன்னாள், விசாவைச் சொன்னாள், பிள்ளைகளைச் சொன்னாள். அவர் கண்ணை மூடியபடியே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எட்டாம் மாடியிலை கவுன்சில் தந்த பிளாட்டை நான் வேண்டாம் எண்டது இதாலைதான். உயரத்திலை நிண்டு கீழை பாக்க எனக்கு ஏலாது."

நகரசபையின் அந்த பிளாட் போனதால் ஸ்ட்ரெதமில் ஒற்றை அறையில் இரண்டு பிள்ளைகளோடு மேலும் பதினாறு மாதம் கிடந்தார்கள். சின்னவனுக்கு இழுப்பு வந்ததும் அந்த ஈரச்சுவர் அறையில்தான். பிடிவாதக்காரன் என்று தமக்கைக்கு முன்னாலேயே அவள் இவரைத் திட்டியிருந்தாள். அப்போதுகூட இவர் வாயைத் திறக்கவில்லை.

கோபப்பட நேரமில்லை. பன்னிரண்டு மணியாகிவிட்டது. பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "எழும்புங்கோ. மதிலைப் பாத்துக்கொண்டு வாங்கோ. கடல் பக்கம் நான் வாறன்" என்றாள்.

பாதையின் விளிம்பில் அவளுடைய சப்பாத்து பாதி வெளியே நின்றது. அவருடைய இடது கையை இறுகப் பிடித்து, அடுத்த கல் எது, எத்தனை படி, எங்கே ஈரம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே நடத்தினாள். ஒரு சின்னக் கல்பாலத்தில் இருவர் சேர்ந்து போக இடமில்லை. அவர் நான்கு காலில் தவழ்ந்து போனார். எதிரே வந்த ஒரு ஜெர்மன் தம்பதியர் பின்வாங்கி, பாதை அகன்ற இடத்தில் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் கால் ஒரு தடவை சறுக்கி, சின்னக் கல்லொன்று உருண்டு விழுந்தது. அது எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. அவரிடம் சொல்லவுமில்லை.

எலுமிச்சைத் தோட்டங்களுக்கு ஊடாகச் செங்குத்தாக இறங்கிய படிகளில் அவருக்கு மெல்ல மெல்ல மூச்சு வந்தது. ஊருக்குள் ஓடியபோது ஒன்று இருபது. விடுதிக்காரியின் தம்பி காரைத் திருப்பிக்கொண்டிருந்தான். சிவகௌரி குறுக்கே போய் நின்றாள்.

விமானம் கிடைத்தது. ஜெனோவாவில் அதிகாரி பத்திரங்களை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். விமானத்தில் இருந்தபிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டாள்.

"வெக்கம்" என்றார் யோகராஜா. அவ்வளவுதான்.

மறுநாள் குட்மேய்ஸுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனபோது தமக்கை தேநீர் கொடுத்து, பயணம் எப்படி என்று விசாரித்தாள். வடிவான இடம் என்றாள் சிவகௌரி. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, அந்த பிளாட் விசயத்திலை அவரிலை பிழையில்லை" என்று சொல்லத் தொடங்கினாள்.