இன்றைய கை

"முள்ளு தேதிய மறைக்குது. ரெண்டு நிமிஷம் பொறு," என்றார் அண்ணன்.

தம்பி பொறுத்தான். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கையை அண்ணனின் நீலப் போர்வைமேல் நீட்டி, வலது கையில் செல்போனைப் பிடித்திருந்தான். நீட்டிய கையில் அண்ணனுடைய கடிகாரம். பால் நிற முகம், மெல்லிய முட்கள், தேன் நிறத் தோல் வார், மூன்று என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் தேதி காட்டும் சின்னச் சதுரம். பெரிய முள் அந்தச் சதுரத்தின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. அது இறங்குவதற்குள் தம்பிக்குக் கால் மரத்துவிட்டது.

"அங்க ஒருத்தன் கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டிருப்பான்ணா," என்றான். அவன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன்.

"மிதிக்கட்டும். காலுக்கு நல்லது."

படம் எடுத்து அண்ணன் முகத்துக்கு நேரே காட்டினான். கண்ணாடியில் ட்யூப்லைட் விழுகிறது என்று அண்ணன் தலையசைத்தார். விளக்கை அணைத்துவிட்டு இன்னொன்று எடுத்தான். அது தேறியது. அண்ணன் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்: "இன்றைய கை. இந்தத் தேன் கலர் தோல் நல்லா இருக்கா, இல்ல சாம்பல் நைலானுக்கே போயிடலாமா?"

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கைக்கடிகாரங்களோடு குடித்தனம் நடத்தியவர். அவரைப் போல் இன்னும் நூறு பேர் ஊர் ஊராக இருந்தார்கள். போனில் அவர்களுக்கென்று ஒரு குழு. தினமும் காலையில் அன்றைக்குக் கட்டிய கடிகாரத்தைக் கையோடு படம் எடுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர்தான் இன்றைய கை. எந்த முகத்துக்கு எந்த வார் பொருந்தும் என்று அதன் கீழே மாலைவரை வாய்ச்சண்டை நடக்கும். நைலான் என்றே பட்டப்பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார். அவருக்குக் கல்யாணத்துக்கும் நைலான், கக்கூஸுக்கும் நைலான். தம்பிக்கு இதெல்லாம் வெட்டி வேலை. மணி பார்க்கச் செல்போன் இருக்கிறது, அது போதும் என்கிற கட்சி.

குழுவில் ஒரே ஒரு சட்டம்தான். பழைய படம் போடக் கூடாது. யாராவது நேற்றைய படத்தைப் போட்டால், தேதிச் சதுரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பிடித்துவிடுவார்கள்.

அண்ணனின் வயிற்றில் வந்த கட்டியை எடுத்த பிறகு உடம்பு இறங்கிக்கொண்டே போனது. கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் ஓடியது. அதைப் பிடித்து நிறுத்தி ஒருநாள் படம் போட்டார். கீழே ஒருவர் எழுதினார்: "நீங்க வாட்சக் கட்டியிருக்கீங்களா, வாட்ச் உங்களக் கட்டியிருக்கா?" பலர் சிரித்து வைத்திருந்தார்கள். விஷயம் தெரியாதவர்கள், பாவம். அண்ணனும் சிரித்தார். மறுநாள் காலை தம்பியைக் கூப்பிட்டு, "உன் கையக் குடுடா," என்றார்.

அன்றிலிருந்து தம்பியின் கைதான் அண்ணனின் கை. இருவருக்கும் ஒரே வார்ப்பு. தம்பி கொஞ்சம் சதைப்பிடிப்பு, அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்து அண்ணன் நன்றாகத் தேறிவிட்டார் என்று குழுவே கொண்டாடியது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணன் கட்டளை. தம்பியும் சொல்லவில்லை. அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. செய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லாத வீட்டில் அது ஒன்றையாவது தினமும் செய்ய முடிந்தது.

அண்ணிக்குப் பிடிக்கவில்லை. மருந்துக் கடையில் வேலைக்கு நின்று நின்று, எந்தச் சீட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவள். ஒருநாள் சமையலறையில் வைத்துச் சொன்னாள்: "இது நல்லா இல்ல தம்பி. பக்கிள் அண்ணனாவது வந்து பாத்துட்டுப் போகட்டும்னு இருக்கு எனக்கு. நீங்க தினம் கைய நீட்டி அவர் வர்ற வழிய அடைக்கிறீங்க."

பக்கிள் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறார். ஓய்வு நேரத்தில் கையாலேயே தோல் வார் தைத்துக் கொக்கி மாட்டுவார். அதனால் அந்தப் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை வந்து தங்குவார். அந்த நாட்களில் இரண்டு பேரும் மேஜை விளக்குக்கடியில் தலையோடு தலை முட்டிக்கொண்டு வார்களை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பார்கள். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அண்ணிக்குத் தொண்டை வற்றும். ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும் கிளம்பியவரை அண்ணன்தான் வேண்டாம் என்று நிறுத்தினார். பிறகு படங்களைப் பார்த்து அவரே நின்றுவிட்டார். கடிகாரத்தின் அகலம் அவருக்கு அத்துப்படி. அதை வைத்துப் படத்திலிருந்தே கையை அளந்து, "சதை போட்டுட்ட. பழைய வார் எதுவும் இனிமே உனக்குப் பத்தாது. புதுசு தைக்கிறேன்," என்று எழுதியிருந்தார்.

அன்று காலைப் படத்துக்கு வந்த பதில்களைத் தம்பி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். நைலான் நைலானுக்கே ஓட்டுப் போட்டிருந்தார். அண்ணனின் உதடு லேசாக இழுபட்டது. சிரிப்பென்று வைத்துக்கொள்ளலாம்.

"அவன வரச் சொல்லு," என்றார்.

"யாரண்ணா?"

"எத்தன பேர் இருக்காங்க எனக்கு?"

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டா? அவருக்கும் லீவு."

ஞாயிறு வேண்டாம் என்று அண்ணன் தலையை அசைத்தார். யார் யாருக்குச் சொல்ல வேண்டுமோ சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் முந்தின நாள் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னது உள்ளே கேட்டிருக்கும். தம்பி செல்போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான்.

"என்ன தம்பி, இப்பத்தான் படம் பாத்தேன்," என்றார் பக்கிள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். "தேன் கலர் சுமார்தான். நான் தைக்கிறது வரட்டும், அப்புறம் பேசுங்க."

"அண்ணன் உங்களப் பாக்கணும்னு சொல்றாங்க சார். இன்னிக்கே."

"அடம் பிடிக்கிறானா? உடம்பு தேறிட்டா அப்படித்தான். வீட்டுல இருப்புக் கொள்ளாது."

"இல்ல சார், கொஞ்சம் முடியல."

"கையப் பாத்தா அப்படித் தெரியலயேப்பா."

அது என் கை சார். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மனிதர் அடுத்த ரயிலில் ஏறிவிடுவார். ஆனால் இத்தனை நாள் அண்ணன் பொத்திப் பொத்தி வைத்திருந்தது ஒரே நொடியில் போய்விடும். அதைவிட, இத்தனை நாள் ஏமாற்றிய கை யாருடையது என்று தன் வாயாலேயே சொல்ல அவனுக்குக் கூசியது.

"வந்தீங்கன்னா நல்லா இருக்கும் சார்," என்றான்.

"இன்னிக்குப் பிராக்டிகல் பரீட்சை. நான் இல்லன்னா இதுங்க லேபக் கொளுத்திடும். நாளைக்குக் காலைல அங்க இருக்கேன், போதுமா? வார்ல ஓரம் தேய்க்கிறது மட்டும்தான் பாக்கி. அதையும் முடிச்சுக் கையோட கொண்டு வரேன்னு சொல்லு."

தம்பி உள்ளே வந்தான். "நாளைக்குக் காலைல வரார்ண்ணா."

"சொல்லிட்டியா?"

"சொல்லலண்ணா. நீ வேணாம்னியே."

"ம்." அண்ணன் மேலே விசிறியைப் பார்த்தார். "நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி செல்போனை எடுத்தான். மறுபடி படிக்கு ஓடினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. பரீட்சை அறைக்குள் போனைக் கொண்டுபோக மாட்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. எழுதி அனுப்பலாமென்று "அது என் கை சார்" என்று தட்டினான். எழுத்தில் பார்த்தபோது ஏதோ குறும்பு செய்தது போல் இருந்தது. வாயால் சொல்வதுதான் முறை என்று அழித்தான். மத்தியானம் கூப்பிட்டான், மறுபடி கூப்பிட்டான். டிரைவிங் ஸ்கூலுக்கு அன்றைக்கு அவன் போகவேயில்லை.

வெயில் தாழ்ந்தபோது அண்ணி தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. டம்ளரை அவள் ஜன்னலில் வைத்துவிட்டு, "தம்பி," என்று மட்டும் கூப்பிட்டாள்.

அழுது முடிப்பதற்குள் போன் அடித்தது. பக்கிள்தான். இத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாயே, என்ன விஷயம் என்றார். அண்ணன் போய்விட்டதை மட்டும் தம்பி சொன்னான்.

"காலைல படம் போட்டானேப்பா," என்றார் பக்கிள். "காலைலதானே போட்டான்."

மறுநாள் கூடத்து நாற்காலிகளையெல்லாம் வெளியே போட்டுவிட்டு, அண்ணனை நடுவில் கிடத்திக் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் நான்கு பேர் வாசலில் நின்றார்கள். அண்ணியின் மாமா ஒருவர் வண்டிக்காரனோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். பக்கிள் தோளில் ஒரு துணிப்பையோடு தெருவில் நடந்து வந்தார். தம்பியைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாரடைப்பா? எப்படிப்பா திடீர்னு?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் அவர் பார்வை கீழே போனது. தம்பியின் இடது கையில் பால் நிற முகம், தேன் நிறத் தோல். முந்தின நாள் காலையில் கட்டியது. இருந்த கலக்கத்தில் அதைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

பக்கிள் அந்தக் கையை விடவில்லை. எத்தனையோ நாள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அளவெடுத்தவர். கட்டைவிரலால் வாரின் ஓரத்தையும், அதற்குப் பக்கத்தில் புடைத்திருந்த நரம்பையும் ஒருமுறை தடவினார். பிறகு தம்பியின் தோளுக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்தார். துணிக்கு வெளியே தெரிந்த முகம் ஒட்டி உலர்ந்து கிடந்தது.

"எப்பலேருந்து?" என்றார்.

"ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள்லேருந்து சார்."

"அவன் செய்யச் சொன்னானா?"

"ஆமா சார். ஆனா நேத்து..." தம்பி ஒருமுறை கூடத்துப் பக்கம் பார்த்தான். "நேத்து நீங்க வரணும்னு கேட்டாங்க. நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும் சார். போன்லயே சொல்லியிருக்கணும்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவர் கையை விட்டுவிட்டு உள்ளே போய் அண்ணனின் தலைமாட்டில் நின்றார். அண்ணி எழுந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் உடைந்துபோனார். "நான் எப்பவோ வந்திருப்பேனேம்மா," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அது உங்ககூட இருக்கா, தச்ச வார்?" என்று கேட்டாள் அண்ணி. "நீங்களே கட்டி விட்டுடுங்க. அதோடயே போகட்டும்."

"போற இடத்துல மணி பாத்து என்ன ஆகப்போகுது?" என்றார் மாமா வாசலிலிருந்து. "வண்டிக்காரன் அவசரப்படுத்துறான்."

"நிக்கச் சொல்லுங்க மாமா," என்றாள் அண்ணி.

தம்பி கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தான். பக்கிள் வாசற்படியில் உட்கார்ந்து தேன் நிறத் தோலை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். கரும்பழுப்பு நிறம், ஓரமெல்லாம் பளபளவென்று தேய்த்திருந்தது, தையல் ஒன்றுபோல் நேராக ஓடியது. ராத்திரி ரயிலில் உட்கார்ந்து முடித்திருப்பார். லிஃப்ட் கம்பெனிக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணி துணியை விலக்கினாள். பக்கிள் மண்டியிட்டு அந்தக் கையைத் தூக்கினார். தூக்கிய வேகத்துக்கு அது எதிர்பாராத அளவு லேசாக இருந்திருக்க வேண்டும். சட்டென்று மேலே வந்துவிட்டது. வாரைச் சுற்றி, கடைசித் துளையில் கொக்கியைப் போட்டார். கையை மெல்ல இறக்கி வைத்தார். கடிகாரம் உருண்டு போய்க் கைக்கு அடியில், முகம் கீழே கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தார். மறுபடி உருண்டது.

"ஆணி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

தம்பி அண்ணனின் டூல்ஸ் பெட்டியிலிருந்து ஆணியும் சுத்தியலும் கொண்டு வந்தான். காய் நறுக்குகிற பலகையை அண்ணியே எடுத்துக் கொடுத்தாள். படியில் பலகையை வைத்து, கடைசித் துளைக்கு உள்ளே தள்ளி ஒரு துளை போட்டார். போய்க் கட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இன்னொன்று போட்டார். அதையும் போய்க் கட்டிப் பார்த்தார். தெருவில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், யாரும் திரும்பவில்லை. அவர் மறுபடி வந்து படியில் உட்கார்ந்தார்.

"இன்னும் உள்ள தள்ளிப் போடணும்," என்றார்.

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, வார் நழுவாமல் பலகைமேல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.