தகுதியுள்ள ஒரே குடல்

அக்காவின் குடலில் நல்ல கிருமிகள் மிச்சமில்லை. நுரையீரல் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து, கெட்டதோடு நல்லதையும் துடைத்துப் போட்டுவிட்டது. காலியான இடத்தில் ஒரு பொல்லாத கிருமி குடியேறி, எந்த மருந்துக்கும் அசையாமல், வயிற்றுப்போக்கிலேயே அவளைக் கரைத்துக்கொண்டிருந்தது. அதைச் சோதித்துக் கண்டுபிடித்தவளே தங்கைதான். அந்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்தான் அவளுக்கு வேலை.

ஒரு வழி இருந்தது. ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து கிருமிக் கூட்டத்தை எடுத்து அக்காவின் குடலில் விடுவது. ஆஸ்பத்திரி ஊழியர்கள் கொடுக்கக் கூடாது என்பதால் தங்கை சேர்த்தியில்லை. சோதனைகளில் தேறியவர் அத்தான் ஒருவர்தான்.

"எதுக்கும் லாயக்கில்லாத மனுஷன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றா உங்கக்கா. இப்பப் பாரு, என் கக்கூஸுக்கு வந்த யோகத்தை!" என்று வார்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

அக்கா கண்ணைத் திறக்காமலே, "மானத்தை வாங்காதீங்க" என்றாள்.

அனுமதிதான் கிடைக்கவில்லை. மருந்துத் துறை, இது மருந்தே இல்லை என்றது. உறுப்பு மாற்று அலுவலகம், இது உறுப்பில் சேராது என்றது. கழிவுப் பிரிவில் மட்டும் விதி இருந்தது; எரித்துவிட வேண்டுமாம். உலக அளவில் வழிகாட்டுதல் வந்ததும் பார்க்கலாம் என்று மேலிடம் எழுதியது. நாலு பேர் முன்னால் வாயே திறக்காத தங்கை, குடல் டாக்டரின் பின்னாலேயே போய் ஒவ்வொரு மேஜையிலும் கெஞ்சினாள். அதற்குள் அக்காவின் வளையல் முழங்கைவரை ஏறும்படி ஆகிவிட்டது.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை கையெழுத்து வந்தது. இந்த நோயாளிக்கு, இந்தக் கொடையாளரிடமிருந்து மட்டும்.

அத்தான் சலவைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"சமீபத்துல ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"அதெல்லாம் பக்காவா முடிச்சிட்டேன் டாக்டர். அவளுக்குள்ள போற சமாச்சாரமாச்சே, அழுக்கோட குடுக்கலாமா? மருந்துக் கடையில கேட்டு, கிருமி மொத்தமும் சாகிற மாதிரி ஒரு கோர்ஸ் போட்டுட்டேன். நேத்துதான் முடிஞ்சுது."

டாக்டர் பேனாவை மூடினார். தங்கையை வெளியே அழைத்துப்போய், தணிந்த குரலில் சொன்னார். "மூணு மாசத்துக்கு இவர்கிட்ட எடுக்க முடியாது. வேற ஆள்னா ஃபைல் மறுபடி முதல்லேர்ந்து."

அக்கா அதுவரை தாங்க மாட்டாள் என்பதைத் தங்கைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அத்தான் பின்னாலேயே வந்துவிட்டார். "என்னம்மா, முகமே சரியில்ல? நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"நீங்க ஒண்ணும் பண்ணல அத்தான். ஃபைல்ல ஏதோ சிக்கலாம்."

"இன்னுமா? அங்க ஒரு உசிரு ஊசலாடுது, இவங்களுக்கு விளையாட்டா இருக்கா? நீ அக்காகிட்ட இரு. நான் போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

விறுவிறுவென்று படியிறங்கினார். அங்கே அலுவலகத்தில், சிக்கலே இல்லாமல் கையெழுத்தான ஃபைலை எடுத்துக் காட்டிவிடுவார்கள்.

"அத்தான்" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.