கடைசி வீட்டுக் குழாயில் வந்த குரல்

ஒலுவிலிலிருந்து கடலுக்குப் போன அர்ஹம் திரும்பாத நாற்பத்தோராம் நாள், சாய்ந்தமருதில் அவனுடைய வீட்டுக் குழாயில் தண்ணீரோடு அவன் குரல் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை, சூரை மீன் விலை இறங்கியிருந்தது. அரிசி கழுவிக்கொண்டிருந்த மனைவி நஸ்லியாதான் முதலில் கேட்டாள். "நஸ்லியா, என்னப் பாத்துக்கிட்டு இரி..." அவ்வளவுதான். மிச்சம் கொப்புளித்துப் போனது.

இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையைப் பள்ளிவாசலில் வைக்கலாம் என்றார்கள், கணவனை இழந்தவள் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் இத்தா இருக்கச் சொன்னார்கள். "இரி எண்டுதானே சொல்றார்" என்று அவள் மறுத்துவிட்டாள். நாலு பெருநாள்கள் போயின. ஒவ்வொன்றுக்கும் அவனுக்கொரு சாரன் வாங்கி மடித்து வைத்தாள்.

தாங்கியிலிருந்து வீடுவரை தண்ணீர் குழாயில் உரசி வருவதில் எவ்வளவு அழுத்தம் தேயும் என்று கணக்கிடுவதுதான் நீர் வழங்கல் அலுவலகத்தில் அவள் வேலை. ஊருக்கெல்லாம் போட்ட அந்தக் கணக்கைத் தன் வீட்டுக்குப் போட மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு நாள், ஒழுங்கையின் முதல் வீட்டுச் சபூறா ராத்தா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எங்கட பைப்புல இன்னம் கொஞ்சம் கூடக் கேக்குது, புள்ள."

"சொல்லாதீங்க, ராத்தா. எனக்குத்தானே சொல்றார். எண்ட வீட்டுலயே கேக்கன்."

அன்றே கணக்குப் போட்டாள். முந்நூற்றிப் பத்து மீற்றர் நீளம், உள்ளே துரு, பதினொரு வளைவுகள். துருப்பிடித்த அரை அங்குலக் குழாயைக் கழற்றி, வளைவில்லாமல் ஒரு அங்குலக் குழாய் போட்டாள். அப்படியும் சொல்லின் வால் வந்து சேரவில்லை. மிஞ்சியது வேகம். வேகம் இரட்டித்தால் இழப்பு ஏறக்குறைய நாலு மடங்கு, பாதியானால் காற்பங்கு. மற்றக் குழாய்களெல்லாம் மூடியிருந்தால் தண்ணீர் மெதுவாக வரும். வீடு வீடாகப் போய்க் கேட்டாள். பின்னேர அசர் தொழுகை முடிந்ததும் இருபத்திமூன்று வீட்டாரும் குழாயை மூடினார்கள். பள்ளிவாசல் குழாயைப் பாங்கு சொல்லும் மோதினார் தன் கையாலேயே மூடினார்.

நஸ்லியா நூலளவு திறந்தாள்.

"நஸ்லியா, என்னப் பாத்துக்கிட்டு இரிக்காத."

மூன்று தரம் கேட்டாள். குரலில் அவசரமில்லை, களைப்பு மட்டும் இருந்தது. குழாயை மூடிவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. ஆனாலும் அவள் அழுது முடிக்கும்வரை ஒருவரும் குழாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வெள்ளை உடுத்து இத்தாவில் அமர்ந்தாள். குரல் நிற்கவில்லை, இன்றும் வருகிறது. அந்தத் தண்ணீரில்தான் சபூறா ராத்தா தேயிலை ஊற்றிக் கொடுத்தாள். நஸ்லியா சீனி போதாதென்று சொல்லிக் குடித்தாள்.