தாயா கோட்டையில் ஒரு வெள்ளிக்கிழமை

தாமரை செத்துப்போன மறுநாள் நான் கடற்கொள்ளையர் கோட்டை ஒன்றின் மேல் நின்று, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். தாமரை என் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சேர்ந்து இருந்தது என்னவோ ஒரு மாத லீவுதான். யாரும் என்னைக் கரித்துக் கொட்ட வேண்டாம், எனக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர். எனக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக நின்று நான் அளந்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் ஜனவரி மாதம். துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் நான் டிராஃப்ட்ஸ்மேன். சேதுராமன் சார் அங்கே அக்கவுண்டன்ட். ஆபீசில் தமிழ் பேச எங்கள் இருவரைத் தவிர நாதியில்லை. அவர் மனைவி ஷியாமளாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தாமரை வருவதற்காக அஜ்மானில் குறைந்த வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருந்தேன். அந்த வீட்டுக்குச் சாக்குத் தைத்ததுபோல் ஒரு திரை தைத்துக் கொடுத்ததும் அக்காதான்.

எனக்குக் கடற்கொள்ளையர் பைத்தியம். நாங்கள் பிழைக்க வந்த இந்தக் கரைக்கு வெள்ளைக்காரன் ஒரு காலத்தில் வைத்த பெயரே கொள்ளையர் கரை. அவன் பம்பாயிலிருந்து கப்பல்களில் சிப்பாய்களைக் கொண்டுவந்து ராஸ் அல் கைமாவைப் பீரங்கியால் தகர்த்தான். பிறகு தாயா என்ற மலைக்கோட்டைக்குள் ஏறிக்கொண்டவர்களையும் பிடித்தான். இதையெல்லாம் படித்துப் படித்துத் தாமரைக்குக் கடிதம் எழுதுவேன். அவள், "அந்த ஊருக்கா என்னைக் கூப்பிடுறீங்க? கழுத்துத் தாலியையாவது விட்டுவைப்பாங்களா?" என்று பதில் போடுவாள். கரூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

அந்தக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று சேதுராமன் சாரை நான் மாதக்கணக்காக நச்சரித்தேன். கார் வைத்திருந்தவர் அவர். "இடிஞ்ச சுவரைப் பார்க்கவாய்யா இவ்வளவு தூரம்?" என்று ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்தார். அப்படிப்பட்டவர் அந்த வெள்ளிக்கிழமை காலையில் தானாகவே என் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "கிளம்பு, உன் கொள்ளைக்காரங்களைப் பார்த்துட்டு வரலாம்" என்றார். பின்சீட்டில் அக்கா, மடியில் தூக்குச் சட்டி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நடந்தது இதுதான். அங்கே வீடு தேடித் தபால் வராது, எல்லாம் கம்பெனிக்குத்தான் வரும். வியாழக்கிழமை மத்தியானம் நான் கிளம்பிப் போன பிறகு ஆபீசுக்கு ஒரு தந்தி வந்தது. மஞ்சள் காமாலையில் கிடந்த தாமரை அன்று காலையில் இறந்துவிட்டாள், காத்திருக்கிறோம், உடனே புறப்படவும். கொடுத்தவர் என் மாமனார் கோபாலசாமி. காமாலை இறங்கிவிட்டது, கஞ்சி குடிக்கிறாள் என்று போன வாரம்தான் எழுதியிருந்தார்கள்.

தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சேதுராமன் சார் வீட்டுக்குப் போய், மனைவியோடு உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எங்கள் எல்லார் பாஸ்போர்ட்டும் கம்பெனியின் இரும்புப் பெட்டியில். சாவி வைத்திருந்த எகிப்துக்காரர் சனிக்கிழமைதான் வருவார். ஆக, தலைகீழாக நின்றாலும் வெள்ளிக்கிழமை நான் விமானம் ஏற முடியாது. இப்போதே சொன்னால் அந்தக் காலி வீட்டில் தனியாகக் கிடந்து என்ன செய்துகொள்வானோ? சாவுச் செய்தி காதில் விழுந்தால் அப்புறம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாதே, பசி வயிற்றோடு எப்படிச் சொல்வது? வெளியே அழைத்துப் போவோம், வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டுப் பக்குவமாகச் சொல்வோம் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். நம் ஜனங்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி இது.

வழியெல்லாம் நான் வாய் ஓயவில்லை. உம் அல் குவைன் தாண்டும்போது, தாமரை வந்ததும் இதே ரோட்டில் அழைத்து வரவேண்டும் என்றேன். ராஸ் அல் கைமாவில், கடலைப் பார்த்தால் அவள் காலை நனைக்காமல் வரமாட்டாள் என்றேன். முன்னால் கண்ணாடியில் சேதுராமன் சாரின் கண்கள் தெரிந்தன. ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

தாயா ஒரு மொட்டை மலை. உச்சியில் மண்ணும் கல்லுமாக இடிந்த சுவர்கள், கீழே பேரீச்சந்தோட்டம். மூச்சிரைக்க ஏறி நின்று, பீரங்கியை எங்கே வைத்தான், குண்டு எங்கே விழுந்தது என்று நான் பெரிய தளபதி மாதிரி கையை நீட்டிக் காட்டினேன். அக்கா எதற்கெடுத்தாலும், "அப்படியா தியாகு?" என்று கேட்டாள். என்றைக்கும் இல்லாத மரியாதை.

கீழே இறங்கியதும் தோட்டக்காரர் ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்துக் காவா என்ற அரபுக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். பம்பாய்க்குப் பேரீச்சம்பழம் கொண்டுபோய் விற்றவர், இந்தி நன்றாகவே பேசினார். உங்கள் பாட்டன்மார் கடற்கொள்ளையர்களாமே என்று நாக்கில் நரம்பில்லாமல் கேட்டுவைத்தேன். அவர் கோபப்படவில்லை.

"கடல் எங்களுது. பீரங்கியோட வாசல்ல வந்து நின்னது அவங்க. இதுல டாக்கூ யாரு பாய்?" என்றார். "மேல தண்ணி இல்ல. பொம்பளைங்களும் குழந்தைங்களும் இருந்தாங்க. அதான் இறங்கி வந்தாங்க."

பிறகு என்னைப் பார்த்து, "பீவி இருக்காளா?" என்று கேட்டார்.

"இருக்கா. அடுத்த மாசம் வர்றா" என்றேன்.

"கூட்டிட்டு வா. நல்ல பழமா எடுத்து வைக்கிறேன்."

அக்கா விருட்டென்று எழுந்து கார்ப் பக்கம் போய்விட்டாள். தலைவலி என்றார் சேதுராமன் சார்.

மர நிழலில் ஜமக்காளம் விரித்தார்கள். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம். அக்கா எனக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். "போதும்க்கா" என்றால், "இன்னும் கொஞ்சம், எனக்காக" என்று கெஞ்சினாள். அவள் சாப்பிடவே இல்லை. நான் பாவி, கேட்டு வாங்கித் தின்றேன். கை கழுவிவிட்டு வந்ததும் சேதுராமன் சார் என் தோளில் கைவைத்து, தந்தியை எடுத்து நீட்டினார்.

முதலில் எனக்கு அழுகை வரவில்லை. "எப்ப சார் வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"நேத்து மத்தியானம். பாஸ்போர்ட் பெட்டியில இருக்கேப்பா, சாவி நாளைக்குத்தானே? நாளை ராத்திரிக்கு டிக்கெட் சொல்லி வச்சிருக்கேன்."

நான் கால்சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஜமக்காளத்தில் வைத்தேன். தாமரையின் விசாவுக்கு வேண்டும் என்று புதன்கிழமையே கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தேன். பூட்டில்லாத வீடு என்பதால் கூடவே வைத்திருந்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டா உனக்குத் தெரிஞ்சுடுமேன்னுதான்..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா வாய்விட்டு அலறினாள். அன்று பிற்பகலில் ஒரு பம்பாய் விமானம் இருந்தது. நாங்கள் இருந்ததோ மூலைக்கோடியில். பேய்த்தனமாக ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, தின்றதையெல்லாம் மணலில் வாந்தி எடுத்தேன். விமான நிலையத்தில் கவுண்டரை மூடிவிட்டிருந்தார்கள். கைகாலில் விழுந்தும் சனிக்கிழமை ராத்திரிக்கு முன்னால் இடமில்லை.

நான் கரூர் போய்ச் சேர்ந்தபோது திங்கட்கிழமை. சனிப் பிணம் தனிப் போகாது என்று ஊரே சத்தம் போட்டும், மாப்பிள்ளை வந்துவிடுவார், முகம் பார்க்கட்டும் என்று மாமனார் ஐஸ் வாங்கி வாங்கி வைத்துச் சனிக்கிழமை சாயங்காலம் வரை இழுத்திருக்கிறார். அதற்குமேல் வைக்க முடியவில்லை. பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்பினார்களாம். கொள்ளி வைத்தது தாமரையின் தம்பி. சாம்பலும் அமராவதி ஆற்றில் போயிருந்தது.

மாமனார் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, அவரே எனக்கு ஒரு வழியும் எடுத்துக் கொடுத்தார்.

"தந்தி கிடைக்க நாளாயிடுச்சா மாப்ளே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தாமரை விஷயத்தில் பொய் சொல்ல நா எழவில்லை.

"இல்ல மாமா. வியாழக்கிழமையே வந்துடுச்சு."

"பிளேன் இல்லையோ?"

"இருந்துச்சு."

"பின்ன வெள்ளிக்கிழமை எங்க இருந்தீங்க?"

சேதுராமன் சாரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். எப்படிச் சொன்னாலும், அவள் ஐஸில் கிடந்தபோது நான் சிரித்ததும் தின்றதும் இல்லையென்று ஆகுமா?

"கொள்ளைக்காரங்க கோட்டைன்னு ஒண்ணு மாமா. சுத்திப் பார்க்கப் போயிருந்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"நல்லா இருந்துச்சா மாப்ளே?" என்று கேட்டார்.